போலீஸாலும் திறக்க முடியாத லேப்டாப்

போலீஸே வந்தாலும் என் லேப்டாப்பைத் திறக்க முடியாது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. அதைப் பூட்டுவதிலும் நான் கில்லாடி. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மருமகனிடம் இதைத்தான் அளந்துகொண்டிருந்தேன்.

"ரெண்டு பாஸ்வேர்டு, மாப்பிள்ளை. மிரட்டிக் கேட்டா முதலாவதைக் கொடுத்துடுவேன். பேரப்பிள்ளை போட்டோவா வரும். நிஜமான சமாச்சாரம் ரெண்டாவதுல. அப்படி ஒண்ணு இருக்குன்னு எந்தக் கொம்பனாலும் நிரூபிக்க முடியாது!"

மருமகன் வாயைப் பிளந்தார். என் மனைவி நான் கேட்காமலே எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். அடுத்த வாரம் மாமியார் வருகிறார். அதே வாரம் நண்பர்களோடு படகில் மீன்பிடிக்கப் போக ரகசியமாக ஏற்பாடு செய்திருந்தேன். வீட்டில் சொன்னது, "வெளியூர்ல வேலை." படகு, கூட்டாளிகள், புதுத் தூண்டில் எல்லாம் இரண்டாவது பாஸ்வேர்டுக்குள் பத்திரம்.

மறுநாள் காலை டீ வரவில்லை. அவள் வந்தாள்.

"என்னங்க, லேப்டாப்பைத் திறங்க."

சிரித்தபடி முதலாவதைப் போட்டேன். பேரன் பல்லில்லாமல் சிரித்தான்.

"என் செல்லம்! சரி, அடுத்தது?"

"அடுத்ததா? அதெல்லாம் இல்லம்மா."

"இல்லைன்னு நிரூபிங்க."

"இல்லாததை எப்படிடி நிரூபிக்கிறது?"

"அதானே! நிரூபிக்கிற வரைக்கும் டீ கிடையாது." கண்ணை மூடிக் கைகூப்பினாள். "கடவுளே, இவருக்கு நல்ல புத்தி கொடு. சீக்கிரமா கொடு. பாவம், டீ இல்லைன்னா தலைவலி வந்துடும்."

அந்தப் பூட்டை உடைக்க ஆயிரம் வருஷம் ஆகும். என்னை உடைக்க மத்தியானம் வரை ஆனது. இரண்டாவதையும் தட்டினேன். படகு வந்து நின்றது.

அவள் கோபப்படவில்லை. அங்கேயே உட்கார்ந்து என் நண்பனுக்குப் போன் போட்டு, "அவரால வர முடியாதுங்க, எங்கம்மா வர்றாங்க" என்று கனிவாகச் சொன்னாள். டீயும் போட்டாள். டம்ளரை என்னிடம் நீட்டியவள், பாதியில் நிறுத்தினாள்.

"மூணாவது?"

"சத்தியமா இல்லம்மா!"

"ரெண்டாவதுக்கும் இதையேதான் சொன்னீங்க."

அவளிடம் ஒப்படைக்க இப்போது மூன்றாவது பாஸ்வேர்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். உள்ளே வைக்க ஒரு குற்றம்தான் கிடைக்கவில்லை.