தங்கமாயன் காரில் முளைத்த கை

ஒரு காட்டில் சிங்கம் வயதாகி ஓய்வு பெற்றதும், அதன் குகையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் திறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் கர்ஜனை கேட்கவில்லை. எல்லாரும் வரிசையில் நிற்கப் பழகிக்கொண்டார்கள்.

காட்டின் நடுவே ஒரு மலை. மலைமேல் மேலூத்து என்ற ஊர். அடிவாரத்தில் சந்தையும் ஆஸ்பத்திரியும். இரண்டுக்கும் இடையே பதினோரு கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தது தங்கமாயன் என்னும் முள்ளம்பன்றி.

தங்கமாயனின் கார் சாம்பல் நிறம். மலையில் மத்தியானத்திலும் வந்து படுத்துக்கொள்ளும் மூடுபனியும் அதே சாம்பல் நிறம். அதனால் போன ஆவணியில் ஒரு காட்டுப்பன்றி வந்து இடித்துவிட்டு, “பனின்னு நெனச்சேன்” என்றது. ஐப்பசியில் ஒரு வரையாடு வந்து இடித்துவிட்டு, அதையே சொன்னது. வேறு சாயம் அடிக்கலாம் என்றால், நிறம் மாற்றும் விண்ணப்பம் போட்டு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்.

அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்தது ஞானமுத்து என்னும் நாரை. விபத்து நடந்தால் சம்பந்தப்பட்ட எல்லாருடைய லைசென்ஸையும் வாங்கி, அலகால் ஆளுக்கொரு ஓட்டை போடும். யார் மேல் தப்பு என்று எழுதப் படிவத்தில் இடம் கிடையாது. மூன்று ஓட்டை விழுந்தால் லைசென்ஸ் போய்விடும். தங்கமாயன் லைசென்ஸில் ஏற்கெனவே இரண்டு ஓட்டை.

இந்த நிலைமையில்தான் அதன் மகள் சிந்தாமணிக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. சிந்தாமணியை மேலூத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அவளை அடிவாரத்தில் இருக்கிற பிறந்த வீட்டுக்கு அழைத்துவர நாள் குறித்திருந்தார்கள்.

“இந்த வாரம் மட்டும் ஓட்டை கீட்டை வாங்கிட்டு வந்துறாதீங்க” என்றாள் மனைவி வீராயி. “எம்பொண்ணு நம்ம வண்டியிலதான் வரமுடியும். வேற எவன் ஏத்துவான்? சீட்டு கிழிஞ்சிரும்னு ஓடிருவானுக.”

அது உண்மைதான். முள்ளுக்குத் தாங்கும்படி தேங்காய் நார் திணித்துத் தைத்த இருக்கை அந்தக் காட்டிலேயே தங்கமாயன் காரில் மட்டும்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் குகை வாசலில் ஓர் ஆணை ஒட்டினார்கள். பனியில் விபத்து கூடிவிட்டதால், இனி எல்லா வண்டியும் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும். எல்லாரும் படித்தார்கள். நல்ல யோசனை என்று பேசிக்கொண்டார்கள். முதலில் யாராவது போடட்டும், பார்த்துவிட்டு நாமும் போடலாம் என்று கலைந்து போனார்கள்.

தங்கமாயன் மட்டும் அங்கேயே விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பியது.

அந்தக் காட்டில் ஒரு பழக்கம் உண்டு. பகலில் யாராவது மறதியாக விளக்கை எரியவிட்டு வந்தால், எதிரே வருகிறவர்கள் வலது கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டுவார்கள். ‘உன் லைட் எரியுது, அணைச்சுக்கோ’ என்று அர்த்தம். காட்டுவது அறிமுகமானவரா, அன்னியரா, ஜென்ம விரோதியா என்ற பேதமே கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட இதை மட்டும் செய்யத் தவறமாட்டார்கள்.

இரண்டாவது வளைவில் எதிரே வந்தது மொக்கைச்சாமி என்னும் கரடி. அது ஓட்டி வந்தது லாரி. விளக்கைப் பார்த்ததும் கையை வெளியே நீட்டி விரலைக் குவித்து விரித்தது. தங்கமாயன் தெரியும் என்று தலையாட்டியது. கரடிக்கு அது புரியவில்லை. இன்னொரு கையையும் எடுத்துக் காட்டியது. லாரி போய் ஓரத்துச் சுவரில் சாய்ந்து நின்றது.

ஐந்தாவது வளைவில் கருப்பாயி என்னும் செம்மறி ஆடு மொபெட்டில் வந்தது. முன்னால் கீரைக்கட்டு, பின்னால் புல்லுக்கட்டு.

“அண்ணே! லைட்டு! லைட்டு!” என்று கையைத் தூக்கியது. அடுத்த நொடி ஆடும் கீரையும் உண்ணிச்செடிப் புதரில் கிடந்தன.

தங்கமாயன் பதறி இறங்கி ஓடியது. கருப்பாயி புதருக்குள் படுத்தபடியே, “எனக்கு ஒண்ணுமில்லண்ணே. மொதல்ல லைட்ட அணைங்க, பேட்டரி எறங்கிரும்” என்றது.

மேலூத்துக் கடையில் டீ குடிக்க நிறுத்தினால், அதைவிட மோசம். ஒரு கீரி சன்னல் வழியாகக் கையை விட்டுத் தானே சுவிட்சை அணைத்துவிட்டு, “மறந்துட்டீங்கண்ணே” என்று சிரித்தது. தங்கமாயன் மறுபடி போட்டது. கீரி மறுபடி அணைத்தது. டீ ஆறிப்போயிற்று.

செவ்வாய்க்கிழமை நாரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டது.

“சொவத்துல கரடி. பொதருல ஆடு. ரெண்டும் உன் வெளக்கப் பாத்துத்தான் விழுந்திருக்கு” என்றது நாரை.

“சார், ஆணை போட்டதே நீங்கதான சார்?”

“போட்டேன். அதனாலதான் இந்த ரெண்டுக்கும் ஓட்டை போடாம கூப்பிட்டுப் பேசுறேன்.”

“அப்ப அணைச்சிரட்டுமா?”

“அணைச்சா ஆணைய மீறுன குத்தம். ஒரு ஓட்டை.”

“எரியவிட்டா?”

“எவனாவது விழுவான். அதுக்கும் ஒரு ஓட்டை. வெள்ளிக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வெளக்கும் எரியணும், எவனும் விழவும் கூடாது. எப்படிங்கிறது உன் பாடு.”

தங்கமாயன் நேரே ஒச்சப்பன் பட்டறைக்குப் போனது. ஒச்சப்பன் குரங்கு. வண்டியை உருமாற்றுவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. நரியின் ஜீப்புக்குப் பாடும் ஹாரன் வைத்தது அதுதான். காட்டுப்பன்றியின் காருக்குப் பின்னால் ரெக்கை வைத்ததும் அதுதான். அது எதற்கு என்று பன்றிக்கும் தெரியாது, குரங்குக்கும் தெரியாது.

“இதெல்லாம் ஒரு பிரச்சினையா மாமா? எழுதி மாட்டிருவோம்” என்றது ஒச்சப்பன்.

புதன்கிழமை காரின் முன்னால், ‘விளக்கு எரிவது எனக்குத் தெரியும்’ என்று ஒரு பலகை தொங்கியது. எதிரே வந்தவர்கள் விரலைக் காட்டுவதை விட்டுவிட்டுப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒரு முயல் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்து, கடைசி எழுத்தைப் படித்தபோது பானெட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. அது லைசென்ஸே எடுக்காத முயல் என்பதால் வெளியே சொல்லவும் இல்லை.

“படிக்க வச்சதுதான் தப்பு. நீங்களும் கையக் காட்டுனா முடிஞ்சுது” என்றது ஒச்சப்பன்.

“நான் கைய எடுத்தா வண்டிய யாரு பிடிக்கிறது?”

“உங்க கைய யாரு கேட்டா?”

வியாழன் முழுவதும் உட்கார்ந்து, இலவ மரத்தில் ஓர் ஆள் கையளவு ஒரு கை செதுக்கியது குரங்கு. இடப்பக்க வைப்பரைக் கழற்றி, அந்த மோட்டாரில் கையை மாட்டி, பானெட்டின் மேல் முறுக்கியது. கை இப்படியும் அப்படியுமாக அசைந்து ‘தெரியும், தெரியும்’ என்று சொல்லவேண்டும் என்பது திட்டம். ஆனால் பானெட்டில் இடம் போதாமல் மோட்டாரைப் படுக்கவைத்து மாட்டியிருந்தது. அதனால் கை மேலும் கீழுமாக ஆடியது. உள்ளங்கை தரையைப் பார்க்க, விரல்கள் மடங்கியிருக்க, அப்படியே ஒருவர் ‘வா, இங்க வா’ என்று கூப்பிடுகிற மாதிரி.

“இது கூப்பிடுற மாதிரில்ல இருக்கு?” என்றது தங்கமாயன்.

“நெருங்கிப் பாக்குறதால அப்படித் தெரியுது மாமா. தூரத்துல இருந்து பாத்தா சரியா இருக்கும்.”

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் மேலூத்திலிருந்து புறப்பட்டார்கள். பின் இருக்கையில் சிந்தாமணி, பக்கத்தில் வீராயி. முன்னால் விளக்கு எரிந்தது. கை ஆடியது. பனி இறங்கியது. பத்தாவது வளைவு தாண்டும்போது சிந்தாமணி, “அம்மா, இடுப்பு வலிக்கிற மாதிரி இருக்கு” என்றாள்.

தங்கமாயன் வேகத்தைக் கூட்டியது. ஒன்பதாவது வளைவில் லாரி எதிர்ப்பட்டது. ஒழுங்காக ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, மொக்கைச்சாமி இறங்கி ஓடி வந்து வழியில் நின்றது.

“என்னண்ணே, கூப்பிட்டீங்களா?”

“நான் கூப்பிடலப்பா. கை தானா ஆடுது.”

“தானா எப்படிண்ணே ஆடும்? சும்மா சொல்லுங்க. என்னமோ அவசரம்.”

“எம்பொண்ணுக்கு வலி எடுத்திருச்சுப்பா, வழிய விடு!” என்று கத்தினாள் வீராயி.

“அத மொதல்ல சொல்லவேண்டியதுதான? போங்க, நான் பின்னாலயே வாறேன்.” வளைவிலேயே லாரியைத் திருப்பி, அவசரம் என்பதற்கு அடையாளமாக விளக்கையும் போட்டுக்கொண்டு தொடர்ந்தது கரடி.

எட்டாவது வளைவில் கருப்பாயி. “கூப்பிட்டீங்களாண்ணே?” ஏழாவதில் நரி. ஆறாவதில் குடும்பத்தோடு ஒரு காட்டுப்பன்றி. ஒருவரும் கையைத் தூக்கவில்லை. ஒருவரும் விழவில்லை. ஒழுங்காக நின்று, இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டு, தங்கள் வீட்டுப் பிரசவக் கதை ஒன்றைச் சொல்லி, விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் நேரம் ஓடியது.

“அப்பா, அந்தக் கைய ஒடிச்சுப் போடுங்கப்பா!” என்று முனகினாள் சிந்தாமணி.

தங்கமாயன் ஐந்தாவது வளைவில் வண்டியை நிறுத்தியது. கையை ஒடித்தால் எவனாவது விரலைக் காட்டி விழுவான், மூன்றாவது ஓட்டை விழும். விழட்டும். லைசென்ஸ் போனால் போகிறது, பிள்ளை பிழைக்கட்டும் என்று இறங்கி, மரக்கையை இரண்டு கையாலும் பிடித்தது.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு ஜீப் நேரே இவர்கள் பக்கமே வந்தது. ஓட்டியது காட்டெருமை. தங்கமாயனுக்கு ஓடவும் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டது.

பிரேக் கிறீச்சிட்டது. கண்ணைத் திறந்தபோது ஜீப் ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தது. பின்னால் இருந்த எல்லாரும் ஓடிவந்தார்கள்.

காட்டெருமைக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. “வெளக்கு மட்டும் எரியலேன்னா இந்நேரம் உங்க எல்லாரையும் கீழ தள்ளியிருப்பேன்” என்றது. “பனியில ரோடே தெரியல. ரெண்டு வெளிச்சம் தெரிஞ்சுதேன்னு மிதிச்சேன். பெறகுதான் கை ஆடுறதையே பாத்தேன். ஆமா, எதுக்குக் கூப்பிட்டீங்க?”

அதற்குப் பிறகு காட்டெருமை ஜீப் முன்னால் வழிவிலக்கிப் போக, வழியில் சேர்ந்தவர்களோடு பன்னிரண்டு வண்டிகள் விளக்கெரியப் பின்னால் வர, ஊர்வலமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சிந்தாமணிக்கு இரட்டைக் குழந்தை. பிறந்தபோது முள் பஞ்சு மாதிரி இருந்தது. தங்கமாயன் விரலால் தடவித் தடவிப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் முள் கெட்டிப்பட்டுவிட்டது, பேரப்பிள்ளைகள் குத்தவும் ஆரம்பித்தார்கள்.

நாரை ஆஸ்பத்திரிக்கே விசாரணைக்கு வந்தது.

“இன்னைக்கு மலையில ஒரு விபத்துகூட இல்ல. காரணம் என்ன?”

“வெளக்குத்தான் சார்” என்றது காட்டெருமை.

“வெளக்கு திங்கக்கெழமையே எரிஞ்சுது. அன்னைக்கு ரெண்டு பேரு விழுந்தானுக. இன்னைக்குப் புதுசா என்ன?”

எல்லாரும் வெளியே நின்ற காரைப் பார்த்தார்கள். மோட்டாரை அணைக்க மறந்துவிட்டதால் கை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“வண்டியில மாத்தம் செய்யுறது சட்டவிரோதமாச்சே” என்று நாரை விதிப்புத்தகத்தைப் புரட்டியது. ரெக்கை கூடாது, பாட்டு ஹாரன் கூடாது, கறுப்புக் கண்ணாடி கூடாது என்றெல்லாம் இருந்தது. கை கூடாது என்று எங்கும் இல்லை. படிவத்தில் ‘விபத்து குறைந்ததற்கான காரணம்’ என்ற கட்டத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. நாரை ‘கை’ என்று எழுதியது.

திங்கட்கிழமை புதிய ஆணை வந்தது. எல்லா வண்டியிலும் மரக்கை கட்டாயம். பகலில் விளக்கு இனி தேவையில்லை. பேட்டரியும் மிச்சம்.

ஒச்சப்பன் பட்டறையில் வரிசை நின்றது. ஒரு மாதத்தில் காடு முழுவதும் எல்லாரும் எல்லாரையும் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டால் நிற்காமல் போக முடியுமா? நின்றார்கள். இறங்கினார்கள். “என்ன விஷயம்?” என்று கேட்டார்கள். “ஒண்ணுமில்ல, உங்களுக்கு என்ன விஷயம்?” என்று இவர்கள் கேட்டார்கள். காலையில் புறப்பட்ட வண்டி இரண்டாவது வளைவைத் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்தது. விபத்தே இல்லாத காடு என்று நாரைக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

மூன்றாம் மாதம் சிந்தாமணியைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். புறப்பட்டார்கள். முதல் வளைவில் பதினான்கு பேர் நிறுத்தி விசாரித்தார்கள். பிள்ளைகள் அழுதன. திரும்பிவிட்டார்கள். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் பார்த்துவிட்டு, மருமகன் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்து, மாமனார் வீட்டில் தங்கிக்கொண்டது.

ஒருநாள் ஒச்சப்பன் வந்தது. “மாமா, அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான். மோட்டார நிமித்தி மாட்டியிருக்கணும். ரெண்டு நிமிச வேலை. இப்ப மாத்தித் தந்துரட்டுமா? ஒங்களப் பாத்து மத்தவங்களும் மாத்திக்கிருவாங்க.”

வீட்டுக்குள் சிந்தாமணி பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். தங்கமாயன் மரக்கைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டது.

“இருக்கட்டும்ப்பா. இப்ப என்ன அவசரம்?”

நீதி: பகலில் விளக்கை எரியவிட்டால் உயிர் பிழைக்கலாம்; ஆனால் அதற்காக யாரும் பதக்கம் தரமாட்டார்கள். பெண்ணைத் தூரத்தில் கட்டிக்கொடுத்தவர்கள் மட்டும் வண்டியில் ஒரு கை மாட்டிவைக்கவும்.