செக்பொயின்ற் அண்ணையும் இல்லாத பிரியாவும்

கீ... ஙொய்ங்... கர்ர்ர்ர். போன வாரம் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர், பழைய மோடத்தின் அலறலைத் தன் கைபேசிக்கு மணியோசையாக வைத்திருந்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் உப்புக் காற்றும் போட்டோக்கொப்பி மெஷினின் சூட்டு மணமும் ஒன்றாக மூக்கில் ஏறின.

உலகத்தில் எவராலும் ஏமாற்ற முடியாத ஒரே மனிதரை நான் திருகோணமலையில் கண்டேன். பொய்யால் மட்டுமல்ல, உண்மையாலும் அவரை ஏமாற்ற முடியாது. தெப்பமாக நனைந்து போய் நின்று "அண்ணை, மழை" என்றாலும், "எந்தப் பக்கத்தால வந்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் குடையைத் தேடுவார்.

உட்துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கொமினிக்கேஷன் கடை வைத்திருந்தார். இரண்டு தொலைபேசிக் கூண்டு, ஒரு போட்டோக்கொப்பி மெஷின், மோடம் அலறி முடித்தால்தான் இணையம் திறக்கிற ஒரு கணினி. பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. யுத்த காலம். அவருடைய வீட்டுக்கும் கடைக்கும் நடுவே மூன்று சோதனைச் சாவடிகள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் போய்வருவதால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம் அதே கேள்விகள்: எங்க இருந்து வாறாய், எங்க போறாய், அங்க ஆரைத் தெரியும், அடையாள அட்டை எங்க? நாங்களெல்லாம் சாவடியைத் தாண்டியதும் கேள்விகளைத் துப்பிவிட்டு நடந்தோம். அவர் அவற்றை மனப்பாடம் செய்து, கடைக்கு வந்து எங்களிடமே கேட்டார். ஊர் அவருக்குச் செக்பொயின்ற் என்று பெயர் வைத்தது.

"அண்ணை, கனடாவுக்கு ஒரு கோல்."

"கனடாவில ஆர்?"

"தம்பி."

"போன கிழமையும் நீர்தானே எடுத்தனீர். அவன்ர கை என்ன முறிஞ்சு போச்சோ?"

இப்படிப்பட்டவர் எப்படிக் கடை நடத்தினார் என்று கேட்காதீர்கள். வேறு கடைகளில் லைன் லேசில் கிடைக்காது.

கணினிக்கு அவர் மறைப்பு வைக்கவில்லை. திரை அவருடைய கதிரையைப் பார்த்தே இருந்தது. இருந்தும் வந்தார்கள். மீசை நரைத்தவர்கள், கலியாணம் பேசி வைத்தவர்கள், நெற்றியில் மூன்று பட்டைத் திருநீற்றோடு கந்தோருக்கு உத்தியோகம் பார்க்கப் போகிறவர்கள். பெண் துணை அனுப்புகிறோம் என்று சொல்லும் இணைய விளம்பரங்களைத் திறந்து, தொலைபேசி இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நழுவப் பார்ப்பார்கள். செக்பொயின்ற் மூக்குக்கண்ணாடியை மாட்டுவார். பிறகு கடை முழுக்கக் கேட்க வாசிப்பார்.

"பிரியா. வயசு இருபத்திரண்டு. திருகோணமலை. இருபத்து நாலு மணித்தியாலமும் சேவை." கண்ணாடியைக் கழற்றுவார். "ஐசே, ஆறு மணிக்குப் பிறகு இந்த ஊரில நாயும் வெளிக்கிடாது. ஆமிக்காரனே பங்கருக்குள்ள இருக்கிறான். இவ மட்டும் இருபத்து நாலு மணித்தியாலமும் எந்தப் பாதையால வாறாவாம்?"

ஒருமுறை வீதி வேலை ஓவர்சியர் ஒருவர் பிடிபட்டார். படத்தில் ஒரு பெண் கடற்கரையில் நிற்கிறாள், பின்னால் சூரியன் தண்ணீரைத் தொடுகிறது. கீழே, ‘நிலாவெளியில் ஒரு மாலைப்பொழுது’.

"ஓவர்சியர், நீங்கள் இந்த மாவட்டத்திலதானே றோட்டுப் போடுறியள்?"

"ஓம்."

"நிலாவெளியில சூரியன் எங்கால எழும்புறது?"

"கடலால."

"பின்னேரம் திரும்பி வந்து அதே கடலுக்குள்ள குதிக்கிறதோ? உங்களை நம்பியோ அரசாங்கம் றோட்டுக்குத் திசை பாக்குது?"

ஓவர்சியர் அதன் பிறகு போட்டோக்கொப்பிக்குக்கூட வரவில்லை.

இன்னொரு படம், ஹோட்டல் அறை. ‘துறைமுகத்தைப் பார்த்த அறை’ என்று எழுதியிருந்தது. எல்லோரும் கட்டிலில் இருந்தவளைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார். "பிளக்கைப் பாருங்கோ. ரெண்டு தட்டைத் துவாரம். எங்கட நாட்டு பிளக்குக்கு மூண்டு உருண்டைக் கால். எந்தத் தேசத்துச் சுவரோ!" அதே முகம் மற்ற விளம்பரங்களில் கண்டியில் டில்ஷி, நீர்கொழும்பில் நடாஷா. மூன்றையும் அச்செடுத்துக் கோவையில் போட்டு வைத்திருந்தார். பகிடி விட்டவர்களை ஒருநாள் அதட்டினார்: "சிரியாதேங்கோ. தன்ர முகத்தை வைச்சு ஆரோ பிழைக்கிறான் எண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது."

முடிவில் எல்லா விளம்பரமும் ஒரே துறையில்தான் வந்து கட்டும்: முதலில் கைபேசிக்குக் காசு ஏற்றுகிற ரீலோட் காட்டைச் சுரண்டி இலக்கத்தைச் சொல்லு. அந்தக் காட்டை விற்கிறவரும் அவர்தான். விற்க மாட்டார். "உமக்கு விக்கிறதிலும் பாக்க மெஷினுக்குள்ள போட்டு அரைப்பன்" என்பார்.

நான் அப்போது ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளாக். வயது இருபத்தேழு, வாடகை அறை, ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஒருவருமில்லை. செக்பொயின்றின் விசாரணைகளையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்து வயிறு நோகச் சிரித்தவன் நான். ஆகவே மடைத்தனம் செய்ய முடிவெடுத்தபோது, கவனமாக, மறைப்பு வைத்த வேறொரு கடையைத் தேடிப் போனேன். படித்த மடையனுக்கு முன்யோசனை அதிகம்.

இந்த முறை அவள் பெயர் அஞ்சலி. என் கைபேசியிலிருந்து எடுத்தேன், குரல் தேனாக இருந்தது. பெயர் கேட்டாள், சொன்னேன். எங்கே வேலை என்று கேட்டாள், அதையும் சொன்னேன், அக்கறையாக விசாரிக்கிறாளே! இரண்டு காட் இலக்கம் கொடுத்தேன். மறுநாள் என் கைபேசியில் தேன் வற்றி ஆண்குரல் வந்தது. தான் இன்ஸ்பெக்டராம். பின்னேரம் மூன்று மணிக்குள் பத்து காட். இல்லாவிட்டால் ‘இவன் அவங்கட ஆள்’ என்று என் பெயரை எழுதிக் கொடுப்பானாம்.

‘அவங்கள்’ என்றால் ஆயுதம் தூக்கிய இயக்கம்; அந்த ஒரு வரியின் எடை இப்போது வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. அந்த வருடங்களில் ஒரு தமிழ் இளைஞனைப் பற்றி அப்படியொரு கடிதம் போனால், முதலில் துறைமுகத்துக்குள் போகிற பாஸ் போகும். பிறகு வேலை போகும். பிறகு ஆளே போவான். எங்கே என்று கேட்கப் போனவனும் திரும்ப மாட்டான்.

இரண்டரை மணிக்கு ஓடினேன். பத்து காட் இருக்கிற கடை அது ஒன்றுதான்.

"பத்தோ? ஆருக்கு?"

"எனக்குத்தான் அண்ணை."

"நீர் மாசத்துக்கு ஒரு காட் போடுற ஆள். ஏன் வேர்க்குது?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கோபம் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. அழுகிய மீனைச் சந்தையில் திருப்பிப் பார்க்கிறவரின் முகம். "என்ர கடையில நிண்டு, என்ர கதையெல்லாம் கேட்டு, என்ர பிளேன்ரீயையும் குடிச்சிட்டு... தூ!" என்றார்.

கைபேசி அடித்தது. நான் எடுக்குமுன் அவர் பறித்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"ஓம், ஆர் கதைக்கிறது?"

"இன்ஸ்பெக்டர் பேசுறேன். அந்தப் பையன்கிட்ட குடுங்க."

"பொடியன் பக்கத்திலதான் நிண்டு நடுங்கிறான். ஐயா எங்க இருந்து?"

"ட்ரிங்கோ ஸ்டேசன்லதான். இப்ப வந்தேன்னா உன்னையும் சேர்த்து அள்ளிக்கிட்டுப் போவேன்."

"வாங்கோ. எந்தப் பாதையால வருவியள்?"

"அது உனக்கு எதுக்கு?"

அப்போதுதான் அது நடந்தது. டொம்! கண்ணாடி அலுமாரி கிலுகிலுத்தது. துறைமுகத்துக்குள் நீந்தி ஒருவரும் வரக்கூடாதென்று நேவி தண்ணீருக்குள் வெடி போடுவது வழக்கம். ஒரு நாளைக்குப் பல தரம் ஊரே அதிரும், ஊர் தன் பாட்டில் இருக்கும். கூண்டுக்குள் மகளோடு கதைத்துக்கொண்டிருந்த மனுஷி ஒரு சொல்லைக்கூட நிறுத்தவில்லை: "...மிளகாய்த்தூளும் வைச்சு அனுப்புறன் பிள்ளை..."

கைபேசிதான் கத்தியது. "அய்யோ! என்ன சத்தம் அது? குண்டா?"

செக்பொயின்ற் கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். அப்படியொரு பரம சந்தோஷத்தை நான் தேர்த்திருவிழாவிலும் கண்டதில்லை.

"ஐயா இன்ஸ்பெக்டர், ஸ்டேசனிலோ இருக்கிறியள்?"

"ஆ... ஆமா."

"இந்த ஊரில பூனையும் இந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பாக்காது. கைக்குழந்தையும் முழிக்காது. ட்ரிங்கோவில இருந்துகொண்டு என்ன சத்தம் எண்டு கேட்ட முதல் ஆள் நீர்தான். பொய் சொல்ல முதல் ஒருக்கா இஞ்ச வந்து ரெண்டு நாள் படுத்துப் பாத்திட்டாவது போயிருக்கலாமே. உம்மட தொழிலுக்கு நீரே மரியாதை குடுக்கிறேல்ல!"

லைன் வெட்டுப்பட்டது. அந்தக் குரல் பிறகு ஒருபோதும் வரவில்லை. நான் மூச்சு விட்டேன். அவர் பிளேன்ரீ கிளாசை எடுத்தார். உள்ளே கரண்டி கிணுகிணுவென்று ஆடியது.

"அண்ணை, உண்மையான பொலிசா இருந்திருந்தால்?"

"ரெண்டு பேரும் சேந்து போயிருப்பம். வேறென்ன," என்றார், கிளாசைப் பார்த்தபடி.

தண்டனை இல்லாமல் விடவில்லை. ஒரு மாதம், கந்தோர் முடிந்ததும் அவருடைய கணினிக்கு முன்னால் நான் இருக்க வேண்டும். ஒரு விளம்பரத்துக்கு மூன்று பொய்யாவது காட்டாமல் எழும்ப ஏலாது. இரண்டு காட்டினால், "மூண்டாவது உம்மட தலைக்குள்ள இருக்கு, தேடும்" என்பார். ஆனால் ஏன் அந்த இலக்கத்துக்கு எடுத்தாய் என்று மட்டும் கேட்கவேயில்லை. எதையும் கேட்காமல் விடாத மனிதர். ஊரில் ஒரு குஞ்சுக்கும் அந்தக் கதையைச் சொல்லவுமில்லை.

அடுத்த வருடம் எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. பஸ் நிலையத்துக்கு வந்தார். வேலை நாளில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். என் பையைத் தூக்கிப் பார்த்து, கட்டின விதம் சரியில்லை என்று திட்டினார். யன்னல் சீட்டைப் பிடித்ததற்கும் திட்டினார். பஸ் உறுமத் தொடங்கியதும் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல்தடவையாகச் சத்தத்தைக் குறைத்துச் சொன்னார்:

"தம்பி, நல்ல செய்தியெண்டால் ஆருக்கும் சொல்லும். வெக்கமான விசயமெண்டால், எனக்குக் கோல் எடும்."