துரும்பு கிள்ளினதுக்கு ரசீது

பாலகாட் (மாரிக்குப்பம் ரயிலடி வழி),
14-6-1968

குடியாத்தம் ஆறுமுகம் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகன் சம்பங்கி கும்பிட்டு எழுதுவது. இங்கு யாவரும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யோடு தொடங்க மனம் வரவில்லை.

ராஜப்பா மச்சான் காலமானது தங்களுக்குத் தெரியும். சர்க்கார் ஜீப் ஓட்டினவர் என்பதால் அம்சவேணி அக்காவுக்குக் குடும்ப பென்ஷன் உண்டு என்றார்கள், போனோம், குமாஸ்தா சும்மா இல்லாமல் "இதுதான் முதல் கல்யாணமாம்மா?" என்று கேட்க, அக்கா மறைக்கத் தெரியாதவள், "இல்லீங்க, ரெண்டாவது. மொதல்ல கட்டின ஜம்புலிங்கம் குடிச்சிட்டு அடிப்பான். எங்க மாமா பஞ்சாயத்துல துரும்பு கிள்ளிப் போட்டுத் தீத்து உட்டுட்டாரு" என்று பெருமையாகவே சொல்லிவிட்டாள். குமாஸ்தா பேனாவை மூடினார்.

"கோர்ட்டுத் தீர்ப்பு எங்கே?"

"எங்க பக்கம் துரும்புதாங்க."

"அதுக்கு ரசீது?"

"துரும்புக்கு இன்னா சாமி ரசீது? அன்னிக்கே மாடு தின்னிருக்கும்."

அப்படியானால் அக்கா இன்னும் ஜம்புலிங்கம் பெண்டாட்டியாம். பன்னிரண்டு வருஷம் மச்சானோடு வாழ்ந்து, கடைசியில் அவர் ரத்த வாந்தியைக் கையில் ஏந்தினவள் அவருக்கு யாருமே இல்லையாம். அவன் அடித்தபோது எந்தச் சர்க்காரும் வந்து "நீ இவன் பெண்டாட்டியா" என்று விசாரிக்கவில்லை. கஞ்சிக்கு வழி கேட்டதும்தான் புருஷனைத் தேடிக் கொடுக்கிறது. போதாததற்கு, "பென்ஷன் வந்தாலும் மறுபடி கட்டிக்கிட்டா நின்னுடும்" என்று எச்சரிக்கை வேறு. "ரெண்டு பேரைப் பாத்தாச்சு, மூணாவது மாப்பிள்ளையைச் சர்க்காரே பாக்கட்டும்" என்றாள் அக்கா. ஆபீசே சிரித்தது, காகிதம் மட்டும் நகரவில்லை.

இப்போ அக்கா மக பத்மாவைப் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்திப் புளி உரிக்க அனுப்பியாச்சு மாமா. குவார்ட்டர்ஸையும் காலி பண்ணச் சொல்றாங்க. சாதி வழக்கப்படி தீத்தது செல்லும், ஆனா தீத்து வச்ச நாட்டாமையே வந்து சொல்லணும்னு ஆபீசர் சொல்றார். அதனால திங்கட்கிழமை மாரிக்குப்பம் ரயில்ல நீங்க வந்தே ஆகணும். துரும்பு கிள்ளறப்போ சிங்கம் மாதிரி உட்காந்துட்டு, ஆபீஸ்னதும் மூட்டு வலின்னு எழுதாதீங்க.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைகள் படித்து, சர்க்கார் ஆபீசுக்குப் போகத் தேவையில்லாத வாழ்வு பெறட்டும்.

தங்கள் மருமகன்,
சம்பங்கி

பின்குறிப்பு: வராதீங்க மாமா! கடுதாசியை ஒட்டறதுக்குள்ள சங்கதி மாறிப்போச்சு. இன்னிக்கு ஜம்புலிங்கத்தையே இழுத்துட்டுப் போனேன். "இவளை நான் தீத்து உட்டேங்க"ன்னான். "கட்டினதுக்கு என்ன ஆதாரம்?"னார் ஆபீசர். "தாலி கட்டினேங்க." "எங்கே அது?" "தீக்கறப்போ திருப்பிக் குடுத்தா. வித்துக் குடிச்சிட்டேங்க." கல்யாணத்துக்கே ஆதாரம் இல்ல, அதனால தீத்ததுக்கும் வேணாம், ராஜப்பாதான் முதல் புருஷன்னு எழுதிப் பென்ஷனுக்கு அனுப்பிட்டார். இனிமே யார் கேட்டாலும் நீங்க பஞ்சாயத்தே பண்ணல. அக்காவுக்குச் சந்தோஷம்தான். ஆனா வர்ற வழியில, "அப்போ மூணு வருசம் என்னை அடிச்சவன் யாருடா தம்பி?"ன்னு கேட்டா.