தண்ணீர் கேட்ட தலைவர்

கையில் காசில்லாமல் தொடங்கி கோட்டை வரை முன்னேறக்கூடிய தொழில் உலகில் பொதுவாழ்வு ஒன்றுதான். அதற்குத் தேவை ஒரு வெள்ளைச் சட்டையும் ஒரு குறையும். சட்டையை இரவல் வாங்கலாம். குறை மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும்.

இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, நீலகிரியில் சேரங்கோட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியேறிய பொன்னுத்துரைக்கு அந்தக் குறை வாசலிலேயே கிடைத்தது. இருபத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய்கூட இல்லை. பள்ளத்து ஓடைதான் கதி. அவனுடைய அக்கா சின்னம்மை தினமும் நான்கு குடம் மேடேற்றி வைத்துவிட்டுத்தான் கொழுந்தெடுக்க ஓடுவாள்.

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு லேட்டாப் போனா கங்காணி அரைப் பேருதான் போடுறாரு, பாதிச் சம்பளம் போச்சு. ஒரு மனு எழுதேன் தம்பி" என்றாள்.

எழுதினான். பொதுவாழ்வு பிறந்தது.

ஊட்டிக்கு எந்த மந்திரி 'ஓய்வெடுக்க' வந்தாலும், லயத்து ஜனங்கள் லீவு போட்டு லாரி ஏறினார்கள். பொன்னுத்துரை முன்னால் நின்று மனுவை நீட்டுவான். மந்திரி 'ஆவன செய்யப்படும்' என்பார். போட்டோக்காரர் இன்னொரு தடவை நீட்டச் சொல்வார்.

ஏழு மந்திரிகள் ஆவன செய்தும் குழாய் வரவில்லை. ஆனால் மரியாதை வந்தது. மளிகைக்கடை ஆறுமுகசாமி கோயமுத்தூர்க்காரர், கட்சியின் ஒன்றியச் செயலாளர். முதல் மனுவின்போது 'டேய் சிலோன்' என்று கூப்பிட்டவர், மூன்றாவதில் 'தம்பி' என்றார். ஏழாவதில் 'ஏனுங்க' என்று சொல்லி, 'குடிநீர் ஆலோசனைக் குழு உறுப்பினர்' பதவியும் வாங்கிக் கொடுத்தார். இனி நாமும் பொன்னுத்துரையை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை.

அப்போதுதான் அந்த விபத்து நேர்ந்தது. ஏழு மனுக்களும் ஏழு அலுவலகம் சுற்றி, ஒரே கோப்பாகி, 'தேவை உண்மைதானா என உறுப்பினர் சான்றளிக்கவும்' என்ற குறிப்போடு அவரிடமே வந்து சேர்ந்தன. 'உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மூன்று மாதத்தில் குழாய் வந்துவிடும்.

மலைக் குளிரிலும் உறுப்பினருக்கு வேர்த்தது. கோப்பைத் தூக்கிக்கொண்டு மளிகைக்கடைக்கு ஓடினார்.

"ஏனுங்க, கொழா வந்துட்டா அடுத்த மந்திரிகிட்ட என்னத்தைங்க குடுப்பீங்க?" என்றார் ஆறுமுகசாமி, பருப்பு நிறுத்தபடியே. "அடுத்த மாசம் பஞ்சாயத்து எலெக்சன். நீங்கதான் நிக்கறீங்க. தண்ணி வந்துட்டா ஒருத்தன் லாரி ஏறுவானுங்களா?"

"அக்கா கேக்குமேங்க?"

"கையெழுத்துப் போட்டாச்சுன்னு சொல்லுங்க. அதென்ன பொய்யுங்களா?"

பொய்யில்லைதான். சத்தியம் தவறாத வேட்பாளர், 'தேவை குறித்து மேலும் ஆராய்தல் நலம்' என்று எழுதி, அதன்கீழ் அழகாகக் கையெழுத்திட்டார்.

கோப்பு வந்த சேதி அவருக்கு முன்பே லயத்துக்குப் போய்விட்டிருந்தது. மழையில் வழுக்கி வழுக்கி அவர் வந்து சேர்ந்தபோது ஊரே மாலையோடு நின்றது. சின்னம்மை அப்போதுதான் ஓடையிலிருந்து குடத்தோடு மூச்சிரைக்க மேலேறி வந்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியா தம்பி?"

"போட்டாச்சுக்கா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"காலெல்லாம் சேறா இருக்கு, நில்லு. இதுதாண்டா நான் தூக்குற கடைசிக் கொடம்" என்று, ஊர் பார்க்கத் தம்பியின் காலில் தண்ணீரை ஊற்றினாள்.

தலைவர் மற்றக் காலையும் நீட்டினார்.