வெர்ஷன் பதினாறு, உட்பிரிவு நாலு

இதைப் படிச்சா சிரிப்பீங்க. அதுக்கு நான் பொறுப்பு. ஆனா இப்பவே இல்லை. முதல்ல நெல் காயணும்.

நிஜமாத்தாங்க! அன்னிக்குக் காலையில மொட்டை மாடியில விதைநெல் காயப் போட்டிருந்தாங்க. குருவி விரட்டுறது என் பொறுப்பு. வெயில்ல உட்கார எனக்கென்ன தலையெழுத்தா? பெரியப்பா குரல்ல, "ச்சூ! போறியா, வரட்டுமா!"ன்னு பேசிப் பதிவு பண்ணினேன். ப்ளூடூத் ஸ்பீக்கரை நெல்லுக்கு நடுவுல வச்சு, பெரியப்பா லேப்டாப்புலேருந்து ஓட விட்டேன்.

கொல்லையிலிருந்து பெரியம்மா கத்தினாங்க. "என்னங்க, இந்த வெயில்ல மாடியில என்ன வேலை? இறங்குங்க!"

எனக்கு அதுவே பெரிய விருது.

கொஞ்ச நேரத்துல பெரியப்பா வந்து லேப்டாப்பை எடுத்துக்கிட்டார். நானும் சாப்பிடப் போயிட்டேன். குருவிங்களும் சாப்பிட வந்துடுச்சு.

இன்னும் சிரிப்பு வரலையா? இருங்க, பெரியப்பாவைச் சொல்லணும்.

கிராம நிர்வாக அலுவலரா இருந்து ரிட்டையர் ஆனவர். உலகத்துல எந்த நம்பரைக் காட்டினாலும் அவருக்கு அது சர்வே நம்பர். அன்னிக்கு சாயங்காலம் அவர் பொண்ணு உமா அக்காவுக்கு நிச்சயதார்த்தம். அக்காவோட சின்ன வயசு போட்டோவெல்லாம் சேர்த்து, தானே குரல் கொடுத்து, ஒரு மாசமா உட்கார்ந்து வீடியோ பண்ணியிருந்தார்.

மாடியிலேருந்து எடுத்துட்டுப் போன லேப்டாப்புல போட்டுப் பார்த்தா, படம் ஓடுது. சத்தம் இல்லை!

சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த கடைக்குப் போன் போட்டார். "ஹெல்ப் மெனுவைத் திறந்தா, கம்ப்யூட்டர்ல இருக்கிற வீடியோ, ஆடியோ சாஃப்ட்வேர் எல்லாத்துக்கும் வெர்ஷன் நம்பர் வரும். எழுதி அனுப்புங்க"ன்னு சொன்னாங்களாம்.

"பார்த்து எழுதி அனுப்பிடும்மா"ன்னு பெரியப்பா என்கிட்ட சொன்னார்.

ரெண்டு நிமிஷ வேலை. பண்ணித் தொலைச்சிருக்கலாம்.

"கடையிலேருந்து அவங்களே உங்களைக் கூப்பிடுறாங்களாம் பெரியப்பா!"ன்னு சொல்லிட்டு, அம்மாவோட புது சிம்மோட மாடிக்கு ஓடி, நானே அவருக்குப் போன் போட்டேன்.

முதல்ல கஸ்டமர் கேர் பொண்ணு மாதிரி தேன் குரல்ல பேசினேன். "வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது."

"நீங்கதானேம்மா கூப்பிட்டீங்க?"

சமாளிச்சேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, "சீனியர் இன்ஜினியர் பேசறேன் சார். ஹெல்ப் மெனு திறந்தாச்சா?"

"திறந்தாச்சுங்க. பட்டியல் வருதுங்க."

"வீடியோ பிளேயர் வெர்ஷன்?"

"பதினாறு, உட்பிரிவு நாலு, அதுல ரெண்டு."

துப்பட்டாவைக் கடிச்சுக்கிட்டேன். "ஆடியோ?"

"ஆறு, உட்பிரிவு பூஜ்யம். இன்னும் பிரிக்கலைன்னு அர்த்தங்களா?"

"ஆமா சார். கூட்டுப் பட்டாவா இருக்கும்."

"யாரோட கூட்டு?" பதறிட்டார். "நான் தனியாத்தானே வாங்கினேன்!"

இங்கயே நிறுத்தியிருக்கணும். வாய் கேக்குதா?

"எழுந்து நின்னு படிங்க சார். உட்கார்ந்து படிச்சா சர்வர் ஏத்துக்காது."

நாற்காலி நகர்ற சத்தம். கூடவே பெரியம்மா குரல். "தோரணம் கட்டச் சொன்னா, யாருக்குங்க அட்டென்ஷன்ல நிக்கிறீங்க?"

"சும்மா இரு! இன்ஜினியர் லைன்ல இருக்கார்!"

முணுமுணுப்பு கொல்லைப் பக்கம் போச்சு.

"சார், இப்ப லேப்டாப்பை ஈசானிய மூலையில வைங்க."

"அங்க பாயச அண்டா இருக்குங்க."

"அண்டாவை நகர்த்துங்க."

நகர்த்தினார்! அந்த மூச்சிரைப்பு எனக்குப் போன்லயே கேட்டுச்சு. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சார், மாப்பிள்ளை வீட்டு வேன் மயிலாடுதுறையைத் தாண்டிடுச்சாம். எனக்கு மைக்கைப் பிடிச்சா பேச வந்ததே மறந்துடும். பொண்ணைப் பத்திச் சொல்ல நினைச்சதெல்லாம் அதுக்குள்ளதான் பேசி வச்சிருக்கேன். எப்படியாவது பாருங்க சார்."

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சிரிப்பு நின்னுடுச்சு. இன்ஜினியருக்கோ ஒண்ணும் தெரியாது, அவ பிளஸ் டூ.

"சரி சார். சத்தத்தை முழுசா ஏத்தி வச்சு, இன்னொரு தடவை ப்ளே பண்ணுங்க."

பண்ணினார்.

என் காலடியில, நெல்லுக்கு நடுவுலேருந்து, தெருவே அதிர்ற மாதிரி பெரியப்பா குரல்: "எல்லாருக்கும் வணக்கம்! இவதான் எங்க வீட்டு உமா!"

குருவிக் கூட்டம் மொத்தமா எழும்பிப் பறந்துச்சு. நான் நெல்லுமேலயே உட்கார்ந்துட்டேன். அத்தனை வெர்ஷனும் நல்லாத்தான் இருந்திருக்கு. காலையில நான் லேப்டாப்போட இணைச்ச ஸ்பீக்கரைத்தான் இன்னும் துண்டிக்கலை, சத்தமெல்லாம் மாடிக்கே வந்திருக்கு!

"சார்! சத்தம் வந்துடுச்சு!" போன்ல பெரியப்பாவுக்கு ஆனந்தம். அப்புறம் ஒரு யோசனை. "ஆனா, உங்க ஆபீஸ்ல வந்திருக்கே?"

"அது... ரிமோட்ல செக் பண்றோம் சார்."

"அப்படிங்களா. ஆபீஸ்ல குருவியெல்லாம் கத்துதே?"

அதுக்குள்ள கொல்லையிலிருந்து பெரியம்மா கத்தினாங்க. "என்னங்க! மறுபடியும் மாடியில ஏறி நின்னு கத்துறீங்களா?"

போன்ல லேப்டாப்பை மூடுற சத்தம்.

அப்புறம் மாடிப்படியில செருப்புச் சத்தம்.

"இன்ஜினியர் சார், அங்கேயே நில்லுங்க. புலத்தணிக்கைக்கு நானே நேர்ல வர்றேன்."