கேட்பாரற்ற சரக்கு

நாகநாதன் மூன்று நாளாக விலை போகவில்லை.

கத்தரிக்காயாக இருந்தால் மாலைக்குள் பாதி விலைக்காவது தள்ளிவிட்டிருப்பார்கள். நாகநாதன் மனிதர். அதுவும் பினாங்குத் துறைமுகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் குப்பை கொட்டி, தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்ற மனிதர். அவர் இருந்த பிரிவே ஏலப் பிரிவுதான். கப்பலில் வந்து இறங்கி, யாரும் வந்து எடுத்துப் போகாத சரக்குகளை ஏலத்தில் விடுவது அவர் வேலை. கைப்பிடி இல்லாத குடைக்கும் அடி ஓட்டையான வாளிக்கும்கூட ஆள் பிடித்துக் கொடுத்தவர். இன்று அவரைக் கேட்க ஆள் இல்லை.

எல்லாம் அவர் மனைவி பத்மாவதியின் மாதர் சங்கத்தால் வந்த வினை. சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை இரத்தம் சுத்திகரிக்க ஓடும் நோயாளிகளுக்கு ஒரு வேன் வாங்க வேண்டும். கறி விருந்து வைத்தார்கள். வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டுப் போனார்கள், வேன் வரவில்லை. 1999ஆம் ஆண்டு அது. ஊரெல்லாம் இன்டர்நெட் பேச்சு. புக்கிட் தெங்காவில் கம்ப்யூட்டர் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சல்மா, "இன்டர்நெட்ல ஏலம் விடலாம், ஆன்ட்டி" என்று சொல்லி, ஒரு பக்கத்தையும் செய்து கொடுத்தாள். பெண்கள் முறுக்கையும் பட்டுப் புடவையையும் ஏலத்துக்குக் கொடுத்தார்கள். கணவன்மார் ஆளுக்கு ஒரு நாள் உழைப்பைக் கொடுப்பது என்று ஏற்பாடு.

பக்கத்து வீட்டு யோகம்மாவின் கணவன் கந்தப்பு, ஃபேன், குழாய் ரிப்பேர் செய்து தருவதாகப் போட்டான். நாகநாதன் தம்மைப் பற்றித் தாமே சொல்லச் சொல்ல, பத்மாவதி தட்டினாள்.

"அனுபவமும் ஆற்றலும் மிக்க ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. ஒரு நாள் முழுவதும் உங்கள் சேவையில். எந்த வேலையும் முறைப்படி செய்து தரப்படும்."

பத்மாவதியின் விரல் நின்றது. "எந்த வேலையுமா?"

"எந்த வேலையும். தைரியமா போடு லா."

"நம்ம ஸ்டோர் ரூம்ல பல வருஷமா ஒரு வேலை கெடக்கே."

"அது வீட்டு வேலை. இது சேவை. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

அதோடு விட்டாரா? விதிமுறை இல்லாத ஏலமும் ஒரு ஏலமா என்று கேட்டு, பன்னிரண்டு விதிகளையும் தாமே எழுதிக் கொடுத்தார். ஏழாவது விதியில் அவருக்குத் தனிப் பெருமை. பணம் கட்டியவர் ஒரு வாரத்துக்குள் வந்து எடுத்துக்கொள்ளாவிட்டால், பணம் வேனுக்கு. சரக்கு அடுத்தபடியாகக் கேட்டவருக்கு இலவசம். துறைமுகத்து மூளை அல்லவா!

ஏலம் திறந்தது. கந்தப்பு முதல் நாளே ஐம்பது மலேசிய வெள்ளியைத் தாண்டினான். மூன்றாம் நாள் வேலி ஓரம் வந்து நின்றான்.

"அண்ணே, என்னைத் தொண்ணூறு வெள்ளிக்குக் கேட்டிருக்காங்க. ஃபேன் ரிப்பேருக்கு லா! உங்களுக்கு எவ்வளவு வந்திச்சு?"

"நான் பாக்கலப்பா. நமக்கு ஏது நேரம்."

பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் பூத்துப் போயிருந்தது. அன்றிரவு புட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பத்மாவதி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், அந்த முதுகு அன்றைக்குக் கொஞ்சம் கூனித்தான் இருந்தது.

மறுநாள் காலையில் வீடு அதிர ஒரு சத்தம்.

"பத்மா! பத்து வெள்ளி! 'சிம்பாங் அம்பாட் அக்கா'ன்னு ஒருத்தவங்க என்னைக் கேட்டிருக்காங்க. கடல் தாண்டி அந்த ஊர் வரைக்கும் போயிருக்கு லா நம்ம பேரு!"

"அப்படியா? யாரோ நல்ல மனசுக்காரி."

அன்று புட்டு மூன்று தடவை தட்டுக்கு வந்தது. ஆனால் வயிறு நிறைந்ததும் கணக்கு இடித்தது. கந்தப்பு நூறு, நாம் பத்தா? அவனுக்கு மேலே ஒரே ஒரு வெள்ளியாவது போக வேண்டாமா? துறைமுகத்தில் சொந்த ஆளை விட்டு விலையேற்றும் வியாபாரிகளை வாய்க்கு வந்தபடி திட்டியவர்தான். இப்போது பத்மாவதி சங்க வேலையாக யோகம்மா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, மகன் வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். டெலிபோன் வயரைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் அந்தக் காலத்தில் இன்டர்நெட் வரும். செருகினார். 'பட்டர்வொர்த் தவுக்கே' என்று ஒரு முதலாளியைப் பெற்றெடுத்து, அவர் வாயால் தம்மை இருபது வெள்ளிக்குக் கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா இருபத்தைந்து என்றாள்.

தவுக்கே நாற்பது. அக்கா நாற்பத்தைந்து. நாகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. பத்மாவதி யோகம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தவுக்கே வந்தார். தவுக்கே வந்தால் அக்காவும் வந்தாள். கந்தப்பு நூற்று நாற்பதில் நின்றுவிட்டான். கடைசி நாள் மாலை தவுக்கே நூற்று நாற்பத்தைந்து என்றார். அக்கா நூற்றைம்பது.

அங்கே விட்டிருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது? எப்படியும் அக்கா ஏறுவாள், நாம் இருநூற்றைந்துக்குப் போனோம் என்று சொன்னால் கந்தப்பு முகம் எப்படிப் போகும்! நேரம் முடியக் கால் மணி இருக்கையில் தவுக்கே இருநூறு என்று தட்டினார்.

அக்கா வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். ஏலம் மூடியது. நாகநாதனை நாகநாதன் வாங்கியிருந்தார்.

மறுநாள் பத்மாவதி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "தவுக்கே பணம் கட்டலைன்னா, எந்த வீட்டு லைன்ல இருந்து வந்தாருன்னு சல்மா கண்டுபிடிச்சிடுவாளாம்."

நாகநாதனுக்கு வேர்த்தது. "நான் போய் முடி வெட்டிட்டு வந்திடுறேன்" என்று கிளம்பியவர், ஃபெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் போய், அங்குள்ள வங்கியில் தவுக்கே பெயரைச் சொல்லி இருநூறையும் சங்கக் கணக்கில் கட்டினார். தங்க ஃபிரேம் போட்ட மூக்குக் கண்ணாடிக்கென்று ஒளித்துச் சேர்த்த பணம். மத்தியானம், போகும்போது இருந்த அதே முடியோடு திரும்பி வந்தார்.

"வெட்டலையா?"

"கடை பூட்டிக் கெடக்கு."

ஒரு வாரம் போனது. தவுக்கே வந்து எடுத்துக்கொள்ளவில்லை. எப்படி வருவார்? ஞாயிற்றுக்கிழமை காலை காப்பியோடு பத்மாவதி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏழாவது விதி என்னங்க சொல்லுது?"

"சரக்கு அடுத்தபடியா கேட்டவங்களுக்கு." சொன்ன பிறகுதான் யோசித்தார். "சிம்பாங் அம்பாட் அக்காவுக்கா? அவ்வளவு தூரமா போகணும்?"

"அவங்க வந்தாச்சு. காப்பி போட்டுக் குடுத்துட்டு உங்க முன்னாலதான் உக்காந்திருக்காங்க."

நாகநாதன் காப்பியைக் கீழே வைத்தார்.

"நீயா? ஏன் பத்மா?"

"ஏனா? புட்டைத் தள்ளி வெச்சிட்டு எழுந்து போனீங்க. எனக்கு மனசு கேக்கல. யாருமே கேக்காட்டி என்ன, நான் கேப்பேன்னு யோகம்மா வீட்டு கம்ப்யூட்டர்ல போய்ப் பத்து வெள்ளி போட்டேன்."

நாகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷிக்குத் தெரியாமல் இவ்வளவு கூத்து அடித்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"அப்ப தவுக்கே?"

"தவுக்கே வந்த அன்னிக்கு, சோறு வெந்திச்சான்னு கேக்க, இன்டர்நெட்டை நிறுத்திட்டு வீட்டுக்குப் போன் அடிச்சேன். என்கேஜ். தவுக்கே மறுபடி வந்தாரு. அடிச்சேன். என்கேஜ். தவுக்கே பேசாத நேரம் அடிச்சா நீங்க எடுக்கிறீங்க."

"தெரிஞ்சுமா ஏத்துன? கடைசியில ஏன் விட்டுட்ட?"

"இருநூறு வெள்ளி வேனுக்கு ரெண்டு டயர் லா. நானே வாங்கியிருந்தா வீட்டுக் காசுல்ல போயிருக்கும்?" என்று எழுந்து, துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "வாங்க. எந்த வேலையும், முறைப்படி."

ஸ்டோர் ரூமில் துறைமுகத்துப் பழைய சாமான்கள் கூரை வரை இருந்தன. கரப்பான்கள் அவரைக் கண்டு ஆச்சரியப்பட்டன. அரை மணி நேரத்தில் நாகநாதனுக்கு இடுப்பு விட்டது. சந்து வழியாக நழுவி ஒரு டீ குடித்துவிட்டு வரலாமா என்று கதவில் கை வைத்த நேரம், வேலியில் கந்தப்பு குரல் கேட்டது.

"அக்கா, அண்ணன் இல்லையா?"

நாகநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தைந்து ஆண்டு மானம் இப்போது பத்மாவதி நாக்கு நுனியில்.

"அண்ணனா? தவுக்கே காலையிலேயே கார் அனுப்பிட்டாரு, தம்பி. இவரை விட்டா அந்த வேலைக்கு ஆளே இல்லையாம்."

"இருநூறு வெள்ளின்னா சும்மாவா அக்கா!" கந்தப்பு குரலில் பொறாமை சொட்டியது. இருட்டில், ஒட்டடைக்கு நடுவே, நாகநாதனின் நெஞ்சு நிமிர்ந்தது. இவளைப் போல ஒருத்தி உண்டா!

கதவு ஒரு விரல்கடை திறந்தது. பத்மாவதி மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டிச்சா? பட்டர்வொர்த் போன ஆளு பொழுது சாயிற வரைக்கும் வெளியில தலை காட்ட முடியாது. அப்படியே மேல பரணையும் முடிச்சிடுங்க, தவுக்கே."