வாயில் எடுக்கக்கூடாத மீன்

"அந்தப் பேரைச் சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" டோடி ராஸ் சமையற்காரியிடம் எரிந்து விழுந்துவிட்டு, அடுப்பருகே கிடந்த இரும்பு வாணலியைப் பாய்ந்து தொட்டார்.

பாவம், அவள் கல்யாண விருந்துக்குச் சால்மன் மீன் தயார் என்று சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஸ்காட்லாந்துத் துறைமுகத்தில் படகு வைத்திருக்கும் எவரும் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் வலை வெறுமனே வரும். 'சிவப்பு மீன்' என்றுதான் சொல்ல வேண்டும். யாராவது தவறிச் சொல்லிவிட்டால் உடனே இரும்பைத் தொட்டாக வேண்டும். விடிந்தால் டோடியின் படகு கடலுக்குப் போகிறது.

இதில் கொடுமை, அவருடைய ஒரே மகள் மோராக் தேடிப் பிடித்த மாப்பிள்ளையின் குடும்பப் பெயரே சால்மன். ஊரில் வேறு பெயரா கிடைக்கவில்லை என்று டோடி ஒரு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். விருந்தில் பெண்ணின் அப்பா எழுந்து, மணமக்களை அந்தப் பெயர் சொல்லி வாழ்த்த வேண்டும். மோராக் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, இன்னைக்கு என் புருஷன் பேரைச் சபையில வாய்விட்டுச் சொல்றீங்க. இல்லேன்னா இனிமே உங்க வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

சொன்னால் செய்வாள். பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்திருந்தாள்.

டோடி முதலில் சாப்பாட்டு அட்டைகளில் அந்தச் சொல்லை அடித்து, 'சிவப்பு மீன்' என்று எழுதினார். வெளியூர் விருந்தாளிகள் மீன் கெட்டுத்தான் சிவந்துவிட்டது போலிருக்கிறது என்று தட்டைத் தள்ளி வைத்தார்கள். வந்த ஆத்திரத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் பெயர்ச்சீட்டுகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'திருமதி சிவப்பு மீன்' என்பதைப் படித்த சம்பந்தியம்மாளின் முகம் தட்டிலிருந்த மீனைவிடச் சிவந்தது. மனைவி எல்ஸ்பெத் அவரை மூலைக்கு இழுத்துப்போய் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

எரிச்சலோடு படகுக்கு ஓடி, நங்கூரச் சங்கிலியின் வளையம் ஒன்றை எடுத்துவந்து, கில்ட் பாவாடையின் முன்னால் தொங்கும் தோல்பைக்குள் திணித்துக்கொண்டார். பேசும்போது தொட்டுக்கொள்ளலாம் அல்லவா?

கோப்பையோடு எழுந்து, "திருவாளர், திருமதி..." என்று ஆரம்பித்தார். கனம் தாங்காமல் பையின் வார் அறுந்து, வளையம் நேராகச் சம்பந்தியம்மாளின் கால்விரலில் விழுந்தது. அவள் அலறினாள். டோடி இரும்பு தேடி மேஜையைத் துழாவினார். மேஜையில் இருந்ததெல்லாம் வெள்ளிக் கரண்டி. மோராக் எழுந்து வாசலை நோக்கி நடந்தாள்.

அப்போது மாப்பிள்ளையின் அப்பா ஆர்ச்சி, தன் பையிலிருந்து துருப்பிடித்த ஆணி ஒன்றை எடுத்து நீட்டினார். டோடி அதை வெடுக்கென்று பறித்து, "சால்மன்" என்று மண்டபம் அதிரக் கத்தினார். மோராக் நின்றாள். திரும்பி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

டோடிக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. "அந்தப் பேரையே வச்சுக்கிட்டு நீங்களும் ஆணியோட திரியறீங்களே, சம்பந்தி. உங்களுக்கும் அந்த மீன்னா பயம்தானே?"

"மீனுக்கு எதுக்குப் பயப்படணும்? எங்க ஊர்ல வாயில எடுக்கக்கூடாத பேருன்னா அது உங்க ராஸ்ங்கிற பேருதான் சம்பந்தி," என்றார் ஆர்ச்சி, ஆணியைத் திருப்பி வாங்கிக்கொண்டே. "ஒரு வருஷமா உங்க பொண்ணைப் பத்திப் பேசிப் பேசி இந்த ஆணியே தேஞ்சுபோச்சு, இன்னைக்குத்தான் அவ நல்ல பேருக்கு மாறியிருக்கா."